சென்னைக் கடற்கரையின் கட்டடக் கலைஞர் இராபர்ட் சிஷோம்

தோற்றுவாய்

ஓர் ஊரின் வரலாற்றை ஏடுகளில் மட்டும் தேடுவோர் அதன் ஒரு பாதியையே காண்பர். மறுபாதி அவ்வூரின் கட்டடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. தரமணியில் பறக்கும் இரயிலில் ஏறும் மாணவர் ஒருவர் திருவல்லிக்கேணியிலோ சேப்பாக்கத்திலோ இறங்கிக் கடலை நோக்கிச் சிறிது தொலைவு நடப்பாராயின், மாநிலக் கல்லூரியையும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும், சேப்பாக்கம் அரண்மனையின் உயர்ந்த கோபுரத்தையும் அடுத்தடுத்துக் காண்பார். அதே தடத்தில் மேலும் சென்று பூங்கா நகரில் இறங்கினால் விக்டோரியா பொது மண்டபமும், கடற்கரை நிலையத்தில் இறங்கினால் தலைமை அஞ்சலகமும் அவர் கண்ணுக்குப் புலப்படும். இவ்வைந்து இடங்களிலும் ஒரே கலைஞரின் கைவண்ணம் இருக்கிறது. அவரே இராபர்ட் ஃபெலோஸ் சிஷோம்.

நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அக்கட்டடங்களைக் கடந்து செல்கின்றனர். கட்டியவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. கற்பிக்கும் இடத்தில் இருந்தும் கற்றுக்கொள்ளத் துணிந்த ஒருவரின் வாழ்க்கை அது. மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் அதில் பயன் உண்டு. நம் சமுதாயப் பெரியவர்களுக்கோ, ஆர்க்காட்டு நவாபுகளின் மாளிகைக்கு நேர்ந்ததை நினைவூட்டும் வரலாறாகவும் அது அமைகிறது.

இளமையும் வருகையும்

சிஷோம் 1840-ஆம் ஆண்டில் பிறந்தவர். இளம் வயதிலேயே இந்தியாவுக்கு வந்து வங்காளத்தில் பொதுப்பணித்துறையில் பணியாற்றினார். அவருடைய வாழ்க்கையைச் சென்னையின் பக்கம் திருப்பியது ஒரு போட்டி. 1857-இல் தொடங்கப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு மண்டபமும், மாநிலக் கல்லூரிக்கு ஒரு தனிக் கட்டடமும் தேவைப்பட்டன. இவற்றுக்கான வரைபடங்களை வரவேற்று 1864-ஆம் ஆண்டில் சென்னை அரசு அறிவிப்பு வெளியிட்டது. அப்போட்டியில் வென்றவர் இருபத்து நான்கே வயது நிரம்பிய சிஷோம். வெற்றியைத் தொடர்ந்து சென்னைக்கு வந்தவர், அரசின் கட்டடக்கலை ஆலோசகராக அமர்ந்தார்.

அவர் முதலில் கட்டிய பெரிய கட்டடம் மாநிலக் கல்லூரி. 1867-இல் தொடங்கிய வேலை 1870-இல் முடிவுற்று, அவ்வாண்டு சென்னைக்கு வந்த எடின்பரோக் கோமகனால் அது திறந்துவைக்கப்பெற்றது. பின்னாளில் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் பாடம் நடத்திய கல்லூரி அது. அவருடைய சிலை இன்றும் அதன் முன்னே கடலை நோக்கி நிற்கிறது. கட்டடம் அழகியதுதான். ஆயினும் அதன் தோற்றம் இத்தாலிய நாட்டு மாளிகைகளைப் பின்பற்றியது. இன்று உச்சியில் காணப்படும் கடிகாரக் குவிமாடம் 1940-இல் சேர்க்கப்பட்டது. நீலகிரியில் உதகை நூலகத்தையும் இதே காலத்தில் சிஷோம் ஐரோப்பிய முறையிலேயே அமைத்தார். தாம் பயின்ற பாடத்தை அவர் செவ்வனே ஒப்பித்துக்கொண்டிருந்த காலம் அது.

அண்டை வீட்டு மாளிகை

மாநிலக் கல்லூரிக்கு அருகிலேயே சேப்பாக்கம் அரண்மனை நின்றது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768-இல் எழுப்பிய மாளிகை அது. பால் பென்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் அதைக் கட்டியதாகக் கூறுவர். கலச மஹால், ஹுமாயூன் மஹால் என்னும் இரு பகுதிகளும் பரந்த தோட்டங்களும் கொண்டு விளங்கிய அம்மாளிகையில் நவாபின் மரபினர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வாழ்ந்தனர். 1855-இல் நவாப் குலாம் முகம்மது கௌஸ் கான் ஆண் வாரிசின்றி மறைந்தார். வாரிசு இல்லை என்பதைக் காரணமாகக் காட்டி நவாப் பதவியையே கம்பெனியார் ஒழித்தனர். அரண்மனை ஏலத்திற்கு வந்தது. 1859-இல் அரசே அதனை வாங்கிக்கொண்டது. அரசவை கூடிய இடத்தில் அலுவலகக் கோப்புகள் குவிந்தன.

அந்த மாளிகையைச் செப்பனிட்டு, அரசு அலுவலகங்களுக்கு ஏற்ப விரிவாக்கும் பணி சிஷோமிடம் வந்தது. பழையதை இடித்துவிட்டு ஐரோப்பியப் பாணியில் புதியது எழுப்புவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. நவாபின் மாளிகையில் காணப்பட்ட கூர்நுனி வளைவுகளையும், சிறு மினாராக்களையும், குவிமாடங்களையும் ஊன்றிக் கவனித்து, அவற்றின் மொழியிலேயே புதிய பகுதிகளை அமைத்தார். கலச மஹாலையும் ஹுமாயூன் மஹாலையும் இணைக்கும் இடத்தில் எழுந்த உயரமான கோபுரமும், 1871-இல் உருவான வருவாய் வாரியக் கட்டடமும் இவ்வாறு தோன்றியவையே. பழைய பகுதி எது, புதிய பகுதி எது என்று பார்ப்போர் எளிதில் பிரித்தறிய இயலாதவாறு அவை பொருந்தி நிற்கின்றன.

இந்த மாற்றத்திற்குப் பின்புலமாக இருந்தவர் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. இந்நாட்டின் வெயிலுக்கும் மழைக்கும் முஸ்லிம் அரசர்கள் வளர்த்தெடுத்த கட்டட முறையே ஏற்றது என்ற கருத்தை 1870-இல் ஒரு சொற்பொழிவில் அவர் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். வளைவும் குவிமாடமும் பெரும் பரப்பை மூடவல்லவை. ஆழ்ந்த தாழ்வாரம் வெயிலைத் தடுப்பது. துளையிட்ட பலகணி காற்றை உள்ளே விடுவது. இப்பயன்களை அவரும் சிஷோமும் நன்குணர்ந்திருந்தனர். இவ்வழியில் பிறந்த பாணியைப் பின்னர் இந்தோ-சாராசெனிக் என்று அழைத்தனர். சாராசென் என்பது அரபியரையும் பொதுவாக முஸ்லிம்களையும் குறிக்க ஐரோப்பியர் வழங்கிய பழைய சொல். பீஜப்பூரிலும் ஆர்க்காட்டிலும் கட்டியவர்கள் தம் கலையை ஒருநாளும் அப்பெயரால் அறிந்ததில்லை.

ஈண்டு ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. முஸ்லிம் ஆட்சியாளர் ஒருவரின் பதவியையும் மாளிகையையும் பறித்த அரசே, அவர் மரபின் கட்டடக்கலையைப் பாராட்டித் தன் அலுவலகங்களுக்கு அணியாகப் பூட்டிக்கொண்டது. கலையைப் போற்றியவர்கள் கலையின் உரிமையாளரை வெளியே நிறுத்தினர். சிஷோம் அந்த அரசின் ஊழியரே. அவருடைய பணியை மதிப்பிடும்போது இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எனினும் வரலாறு அவர் கையில் மற்றொரு பணியையும் வைத்தது. நவாப் மரபினர்க்கு ஆர்க்காட்டு இளவரசர் என்னும் பட்டத்தை 1867-இல் அரசு வழங்கியது. சேப்பாக்கத்தை இழந்த அக்குடும்பம் திருவல்லிக்கேணியில் தங்கியிருந்தது. இராயப்பேட்டையில் 1798-இல் கம்பெனியின் அலுவலகமாகக் கட்டப்பட்ட கட்டடம் ஒன்று பின்னர் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அலுவலகத்தை இல்லமாக மாற்றும் பொறுப்பு சிஷோமுக்கே தரப்பட்டது. 1876-இல் இளவரசர் குடும்பம் அங்குக் குடிபுகுந்தது. அதுவே இன்றும் அமீர் மஹால் என்னும் பெயரால் விளங்குகிறது. ஒரே கலைஞர், நவாபின் வீட்டை அலுவலகமாக்கியும், ஓர் அலுவலகத்தை நவாப் மரபினரின் வீடாக்கியும் கொடுத்தார். சென்னையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு முழுவதும் இவ்விரு பணிகளில் அடங்கிவிடுகிறது எனலாம்.

தச்சரிடமும் கொத்தரிடமும் கற்ற பாடம்

சிஷோம் கல்வி பெற்ற இடங்கள் மேலும் பல. மதுரையில் பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மஹால் சிதைந்து கிடந்தது. அதைக் காக்க நேப்பியர் பிரபு முனைந்தபோது, அதனை ஆராய்ந்து சீரமைக்கும் வேலையில் சிஷோம் ஈடுபட்டார். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு அத்துணைப் பெரிய தூண்களையும் வளைவுகளையும் நாட்டுக் கொத்தர்கள் எழுப்பியிருந்த திறம் அவரைக் கவர்ந்தது. அதைப்பற்றியும், விசயநகர அரசர் வாழ்ந்த சந்திரகிரி அரண்மனையைப்பற்றியும் அவர் கட்டுரைகள் எழுதினார்.

திருவிதாங்கூரில் மற்றொரு பாடம் காத்திருந்தது. திருவனந்தபுரத்தில் அருங்காட்சியகம் ஒன்றை அமைக்க அவரை அழைத்தபோது, அவர் அந்நாட்டு மரக் கட்டடங்களைப் பார்வையிட்டார். பெருமழையைத் தாங்கும் செங்குத்தான ஓட்டுக்கூரைகள், முன்தள்ளிய முகப்புகள், ஆணியின் துணையை மிகுதியும் நாடாமல் மரத்தோடு மரத்தைப் பொருத்தும் தச்சரின் நுட்பம் ஆகியவை அவர் கருத்தில் பதிந்தன. 1880-இல் நிறைவுற்ற நேப்பியர் அருங்காட்சியகம் இக்கல்வியின் விளைவாகும். உள்ளே இயல்பாகவே குளிர்ந்த காற்று உலவுமாறு அது அமைந்திருப்பதை இன்றும் பார்வையாளர்கள் வியப்பர். அங்குக் கற்றதைச் சிஷோம் சென்னைக்கும் கொண்டுவந்தார். 1884-இல் பணி முடிந்த தலைமை அஞ்சலகத்தின் கோபுரங்களுக்கு அவர் கேரள முறையில் கூரைகள் அமைத்தார். கடற்கரை வணிகத் தெருவில் மலைநாட்டுக் கூரை எவ்வாறு வந்தது என்று வியப்போர்க்கு இதுவே விடை.

செனட் மண்டபம்

இக்கல்வி அனைத்தும் ஒன்றுகூடிய இடம் செனட் மண்டபம். போட்டியில் சிஷோம் வென்ற ஆண்டு 1864, கட்டட வேலை தொடங்கியது 1874, முடிந்தது 1879. இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவர் வேறு மனிதராகியிருந்தார். மாநிலக் கல்லூரியையும் செனட் மண்டபத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்க்கு அம்மாற்றம் விளங்கும். நான்கு மூலைகளிலும் குவிமாடம் தாங்கிய கோபுரங்கள்; பைசாந்திய மரபையும் இசுலாமிய மரபையும் நினைவூட்டும் வளைவுகள்; நம் நாட்டுச் சிற்பிகளின் உளி நுணுகிச் செதுக்கிய தூண் தலைகள்; வண்ணக் கண்ணாடிப் பலகணிகள்; உள்ளே தூணின் குறுக்கீடு இல்லாத பெருங்கூடம்; வெயில் நேரே சுவரைத் தாக்காதவாறு பக்கங்களில் அகன்ற தாழ்வாரங்கள். பட்டமளிப்பு விழாக்கள் பல அங்கு நிகழ்ந்தன. 1937-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் அக்கூடத்திலேயே கூடியது. பின்னாளில் நெடுங்காலம் பராமரிப்பின்றி இருந்த மண்டபம், பல்கலைக்கழகத்தின் நூற்றைம்பதாம் ஆண்டையொட்டிப் புதுப்பிக்கப்பெற்றது.

கைவினைப் பள்ளியின் தலைவர்

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு புதிய எண்ணம் வேரூன்றியிருந்தது. இயந்திரம் செய்து குவிக்கும் பொருள்களில் மனிதக் கையின் மகிழ்ச்சி இல்லை என்று ஜான் ரஸ்கின் எழுதினார். வில்லியம் மாரிஸ் அக்கருத்தைச் செயலாக்கினார். 1859-இல் அவருக்காக ஃபிலிப் வெப் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த செங்கல் வீடு, கலை கைவினை இயக்கம் எனப்படும் பெரும் மாற்றத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. உள்ளூர்ப் பொருளைக் கொண்டு, உள்ளூர்த் தொழிலாளியின் திறமையை மதித்து வீடு கட்டவேண்டும் என்பதே அதன் சாரம். இங்கிலாந்தில் அவ்வியக்கத்தினர் மறைந்துபோன கைத்திறனைத் தேடி மீட்கவேண்டியிருந்தது. சென்னையிலோ அத்திறன் தெருத்தோறும் உயிரோடிருந்தது. தந்தையிடமிருந்து மகன் கற்ற தச்சரும் கல்தச்சரும் கொத்தரும் கொல்லரும் குயவரும் அழைத்தால் வரும் தொலைவில் இருந்தனர்.

இதனைச் சிஷோம் தெளிவாக உணர்ந்திருந்தார். 1850-இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைத் தொழிற்கலைப் பள்ளிக்கு 1877-இல் அவர் தலைவரானார். பெரியமேட்டில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அப்பள்ளியே. ஆட்சிப் பணியிலிருந்த கட்டடக்காரர் ஒருவர் கைவினைப் பள்ளிக்கும் பொறுப்பேற்றது பொருத்தமான நிகழ்ச்சி. வரைபடம் போடுபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்னும் பிரிவினையால் கலை வறண்டுபோகும் என்பது அவர் கொள்கை. பொருளைக் கையால் தொட்டு உருவாக்குபவரின் சுவடு கட்டடத்தில் பதியவேண்டும் என்றும், அவரிடமிருந்து கற்காத கட்டடக் கலைஞர் இந்நாட்டில் நல்ல கட்டடம் எழுப்ப இயலாது என்றும் அவர் தம் நாட்டுக் கட்டடக் கலைஞர்களின் அவையிலேயே வற்புறுத்தினார். சில ஆண்டுகளுக்குப்பின் அப்பள்ளிக்குத் தலைவராக வந்த ஈ.பி.ஹாவெல் இந்தியக் கலையின் பெருமையை உலகறியச் செய்தார். அந்தப் பாதையின் முற்பகுதியில் சிஷோமின் அடிச்சுவடு உண்டு.

சென்னையில் அவர் அமைத்த புகழ்மிக்க கட்டடங்களுள் மற்றொன்று விக்டோரியா பொது மண்டபம். 1880-களில் நகர மக்கள் கூடுவதற்கென எழுந்த அதனைக் கட்டி முடித்தவர் நம் நாட்டு ஒப்பந்தக்காரரான நம்பெருமாள் செட்டியார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அம்மண்டபத்தில் நாடகங்கள் நடத்தியதைத் தமிழ் நாடக வரலாறு பயில்வோர் அறிவர்.

பரோடாவும் இறுதி நாள்களும்

சென்னைப் பணியின் பிற்பகுதியில் பரோடா அரசு சிஷோமை நாடியது. மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் அங்கு ஆட்சிபுரிந்த காலம் அது. இலட்சுமி விலாச அரண்மனையை வடிவமைத்த சார்லஸ் மாண்ட் 1881-இல் காலமாகிவிட்டார். தம் கணக்குப் பிழைபட்டு அரண்மனை சரிந்துவிடுமோ என்னும் அச்சம் அவரை வாட்டியதாகக் கூறுவர். அவர் விட்ட பணியை ஏற்ற சிஷோம் 1890-இல் அரண்மனையை நிறைவு செய்தார். அஞ்சியவாறு எதுவும் நேரவில்லை. அம்மாளிகை இன்றளவும் உறுதியாய் நிற்கிறது. பரோடாக் கல்லூரிக்கு அவர் அமைத்த பெருங்குவிமாடம், பீஜப்பூரில் முகம்மது அடில்ஷாவின் அடக்கத்தலமான கோல்கும்பஸை முன்மாதிரியாகக் கொண்டது. பதினேழாம் நூற்றாண்டுத் தக்காணத்துக் கொத்தர்களின் அறிவு, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு கல்விக்கூடத்திற்குக் கூரையாயிற்று. தமிழ் முஸ்லிம் வணிகர் பலர் வாழ்ந்த இரங்கூன் நகரின் பெரிய கிறித்தவ ஆலயமும் சிஷோமின் வடிவமைப்பே.

பின்னர் அவர் இங்கிலாந்து திரும்பினார். இலண்டனில் சுலோன் தெருவை ஒட்டி அவர் வடிவமைத்த வழிபாட்டு மண்டபம் 1907-இல் நிறைவுற்றது. பைசாந்தியப் பாணியில் அமைந்த அதன் கோபுரத்தைக் காணும் சென்னைவாசிக்குச் சேப்பாக்கம் நினைவுக்கு வராமற் போகாது. 2004 முதல் அது கடோகன் மண்டபம் என்னும் இசையரங்கமாக விளங்குகிறது. 1915-ஆம் ஆண்டில் சிஷோம் தம் தாய்நாட்டிலேயே இயற்கை எய்தினார்.

நிறைவுரை

2012-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கலச மஹால் தீக்கிரையாயிற்று. தீயை அணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் தம் உயிரையே ஈந்தார். எரிந்த கட்டடத்தை இடித்துவிடுவதா, மீட்பதா என்ற கேள்வி எழுந்தது. மீட்பதென்றே முடிவாயிற்று. சுண்ணாம்புச் சாந்து அரைக்கவும், செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி மதராஸ் தளம் போடவும் அறிந்த கைகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பொதுப்பணித்துறையினர் அதனைச் சீரமைத்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்று அங்கு இயங்குகிறது. சிஷோமின் காலத்தில் தெருத்தோறும் இருந்த அறிவு, நம் காலத்தில் தேடிப்பெற வேண்டிய செல்வமாகிவிட்டது என்பதே அத்தீ நமக்கு உணர்த்திய பாடம்.

தரமணியில் நாள்தோறும் கண்ணாடிச் சுவர் போர்த்த உயர்ந்த கட்டடங்கள் எழுகின்றன. வெயிலை நேரே உள்வாங்கி, அவ்வெப்பத்தை மின்சாரத்தால் விரட்டும் கட்டடங்கள் அவை. அவற்றின் அருகிலேயே பலவகைத் தொழில்நுட்பங்களைக் கற்பிக்கும் கல்விக்கூடங்கள் இருக்கின்றன. அங்குப் பயிலும் மாணவர் ஒரு மாலைப்பொழுதில் செனட் மண்டபத்தின் தாழ்வாரத்தில் சற்றே நின்று பார்ப்பது நல்லது. கடற்காற்று எவ்வழியே வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, கல்லும் செங்கல்லும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதை அக்கட்டடமே அவர்க்குக் கற்பிக்கும்.

சிஷோமின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. அவர்க்குக் கற்பித்த கொத்தர், தச்சர், கல்தச்சர் ஆகியோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுள் இந்துவும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார், கிறித்தவரும் இருந்தார். கட்டடம் மட்டும் அனைவர் கையையும் நினைவில் வைத்திருக்கிறது. தம் சிறப்பிற்குக் காரணமானோர் யாவர் என்பதை அறிந்து அதை ஒளிக்காமல் சொன்னதே சிஷோமின் பெருமை. அவரைப் போற்றும் நாம், பெயரறியா அக்கலைஞர்களையும் சேர்த்துப் போற்றுவதே முறையாகும்.